ஃபெஸ் பழைய நகரத்தில் முதல் நாள்: தனியாகப் போகிறவருக்கு வழி சொல்லுங்களேன்

மல்லிகை_974 (சேன்-ஆந்த்ரே, ரீயூனியன்)

எல்லாருக்கும் வணக்கம். ஜனவரி விடுமுறையில் தனியாக மொராக்கோ போகிறேன். பாரிஸ் வழி விமானம். புதன்கிழமை மாலை 4 மணிக்கு ஃபெஸ் விமான நிலையத்தில் இறங்குகிறேன். தங்குவது பழைய நகரத்துக்குள்ளேயே, தலா ஸ்கீரா தெருவை ஒட்டிய சந்தில் ஒரு ரியாத் (பழைய முற்றத்து வீட்டில் நடக்கும் விடுதி). வியாழன் முழுநாளும் கையில் இருக்கிறது. வெள்ளி காலை ரயிலில் காசாபிளாங்கா.

படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. வழிகாட்டி இல்லாமல் உள்ளே காலை வைக்காதே என்கிறார் ஒருவர். வழி தொலைப்பதுதான் அழகே என்கிறார் இன்னொருவர். பெண்ணாக, தனியாக, முதல் தடவையாகப் போகிறவளுக்கு இரண்டுமே உதவவில்லை. விமான நிலையத்திலிருந்து அறைக்கு எப்படிப் போய்ச் சேர்வது, வியாழக்கிழமை எந்த வரிசையில் நடப்பது, வழிகாட்டி வேண்டுமா, தோல் பதனிடும் தொட்டிகளைப் பணம் பறிகொடுக்காமல் பார்க்க முடியுமா? நான் சைவம். தைப்பூச விரதம் வேறு அடுத்து வருவதால் அதில் விட்டுக்கொடுக்க முடியாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊர்க்குருவி (சேன்-பியேர், ரீயூனியன்)

தங்கச்சி, பார்க்கவேண்டிய இடங்களோட பட்டியலைக் கொஞ்சம் ஓரமா வையுங்க. ஃபெஸ்ஸில் முதலில் படிக்கவேண்டியது தரையோட சரிவு. அது பிடிபட்டா மீதி எல்லாம் தானா வந்துடும்.

பழைய நகரம் ஒரு கிண்ணம் மாதிரி. மேற்கு விளிம்பில் பாப் பூ ஜலூத் வாசல். கிண்ணத்தோட அடியில் ஆறு, அங்கேதான் ரஸீஃப் சதுக்கம். வாசலுக்குள்ளிருந்து தலா கபீரா, தலா ஸ்கீரா என்று இரண்டு தெரு ஏறக்குறைய ஒன்றுக்கொன்று இணையா கீழே இறங்குது. தலா என்றால் ஏற்றம். கபீரா பெரியது, ஸ்கீரா சின்னது. வழி தவறினா யாரையும் கேட்கிறதுக்கு முன்னாடி காலைக் கேளுங்க: இறங்குதா, ஏறுதா? இறங்கிக்கிட்டே போனா ரஸீஃப் வரும், அங்கே டாக்ஸி நிற்கும். மேற்கே ஏறிக்கிட்டே போனா பூ ஜலூத். ஒரே ஒரு எச்சரிக்கை. ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அந்தலூஸ் கரைக்குப் போயிட்டா இந்தக் கணக்கு தலைகீழா மாறிடும். அங்கே ஏறினா நகரத்தோட மறுபக்கத்துக்குப் போய்ச் சேருவீங்க. அதனால முதல் நாள் ஆற்றைத் தாண்ட வேண்டாம்.

கைபேசி வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வச்சுக்கோங்க, ஆனா அதையே நம்பி நடக்காதீங்க. மூணு நாலு மாடி உயரச் சுவருக்கு நடுவில் ஒரு கை அகலச் சந்து. செயற்கைக்கோள் சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்புது, நீலப் புள்ளி பக்கத்துச் சந்துக்குத் தாவிடும். எந்தத் திசையில் போறோம் என்று தெரிஞ்சுக்க வரைபடம் போதும், எந்தத் திருப்பம் என்று தெரிஞ்சுக்கக் கண்தான் வேணும். சந்தோட பெயர் ‘தர்ப்’ என்று ஆரம்பிச்சா பெரும்பாலும் அது முட்டுச்சந்து, பத்து வீட்டுக்கு மட்டும் வழி. அதுக்குள்ள நுழைஞ்சு நின்னா யாராவது வந்து ‘எங்கே போகணும்’ என்று கேட்கத்தான் செய்வாங்க.

இனி வந்து இறங்குறது. சேன்-தெனியிலிருந்து பாரிஸ் வரை அடையாள அட்டை போதும் என்கிற பழக்கத்தில் நம்ம ஆட்கள் கடவுச்சீட்டை மறக்கிறது உண்டு. மொராக்கோவுக்குக் கடவுச்சீட்டு கட்டாயம். பிரெஞ்சுக் கடவுச்சீட்டு இருந்தா 90 நாள் வரை விசா வேண்டாம். ட்ரோன் இருந்தா வீட்டிலேயே விட்டுடுங்க, அனுமதி இல்லாமல் கொண்டுபோனா சுங்கத்தில் பிடிச்சு வச்சுக்குவாங்க. கைபேசித் திட்டம் ஐரோப்பாவுக்கு இலவசம் என்று இருந்தாலும் மொராக்கோ அதில் சேராது. விமானம் இறங்கும் முன்னாடியே ரோமிங்கை அணைச்சுடுங்க. நிலையத்திலேயே உள்ளூர் சிம் கிடைக்கும், கடவுச்சீட்டைக் காட்டணும்.

டிர்ஹாமை மொராக்கோவுக்கு வெளியே வாங்க நினைக்காதீங்க, அது அந்த நாட்டுக்குள்ளேயே புழங்குற காசு. நிலையத்து ஏடிஎம்மில் 1000 முதல் 1500 வரை எடுத்தா முதல் இரண்டு நாளுக்குப் போதும். யூரோவில் கணக்கிடவா என்று திரை கேட்டா வேண்டாம் என்று அழுத்துங்க. அந்த மாற்று விகிதம் எப்பவும் நஷ்டம். ஒரு யூரோ ஏறக்குறைய 10, 11 டிர்ஹாம், ஆக விலையில் ஒரு பூஜ்யத்தை எடுத்தா யூரோக் கணக்கு வந்துடும். இயந்திரம் 200 நோட்டாகவே கொடுக்கும். சந்துக் கடையில் அதுக்குச் சில்லறை கிடைக்காது. சிம் வாங்கும்போதே ஒரு நோட்டை உடைச்சு 20, 50 நோட்டும் 5, 10 நாணயமும் சேர்த்துக்கோங்க. இந்தச் சில்லறை இல்லாமல்தான் பாதித் தகராறு வருது.

பழைய நகரத்துக்குள் கார் போகாது. டாக்ஸி ஏதாவது ஒரு வாசலில் இறக்கிவிட்டுடும். எந்த வாசல் என்கிறதுதான் விஷயம். தலா ஸ்கீராவுக்குப் பக்கம் என்றால் அநேகமா பத்தா சதுக்கம், தலா கபீரா பக்கம் என்றால் ஐன் அஸ்லித்தன். விடுதிக்காரருக்கு இன்றைக்கே வாட்ஸாப்பில் எழுதி வாசலைக் கேளுங்க. அந்த வாசலுக்கு ஆள் அனுப்பச் சொல்லுங்க. சந்தோட பெயரை அரபு எழுத்தில் அனுப்பச் சொல்லி ஒரு தாளில் எழுதி வச்சுக்கோங்க. நிலையம் ஊருக்குத் தெற்கே 15 கிலோமீட்டர் போல. பெரிய டாக்ஸிக்குப் பகலில் 150 டிர்ஹாம் அளவு ஆகும், ஏறும் முன்னாடியே தொகையும் வாசலோட பெயரும் பேசி முடிச்சுடணும். 16ஆம் எண் பேருந்து மலிவுதான், ஆனா அது புது நகரத்து ரயில் நிலையத்துக்குப் போகும். பெட்டியோட அங்கிருந்து மறுபடி டாக்ஸி பிடிக்கணும். முதல் நாள் அந்த மிச்சம் பிடிக்க வேண்டாம். விடுதியில் சுற்றுலா வரி என்று கொஞ்சம் ரொக்கமாகக் கேட்டா அது முறையான வரிதான்.

புதன் மாலை ஒரே ஒரு வேலை. பெட்டியை வச்சுட்டு, விடுதி வாசலிலிருந்து பாப் பூ ஜலூத் வரை ஒரு நடை, திரும்பி ஒரு நடை. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்னு, வந்த வழியைத் திரும்பிப் பார்த்துப் படம் எடுங்க. திரும்பி வரும்போது கண்ணுக்குத் தெரியப்போறது அந்தப் பக்கம்தான். முன்னால் பார்த்து எடுத்த படம் அப்போ பிரயோசனப்படாது. கடையை அடையாளமா வச்சா ராத்திரி கதவு அடைச்சதும் தெரு முகமே மாறிடும். சுவரில் பதிச்ச தண்ணீர்க் குழாய்மாடம், வளைவு, மரத் தாங்குகட்டை, இதுமாதிரி நகராதது எதையாவது பிடிச்சுக்கோங்க.

ஏலக்காய் (ரோஸ் ஹில், மொரீஷியஸ்)

ஊர்க்குருவி அண்ணா சொன்ன சரிவுக் கணக்கு அப்படியே உண்மை. நான் நேரமும் சாப்பாடும் சொல்றேன்.

நமக்கும் மொராக்கோவுக்கும் 3 மணி நேரம் வித்தியாசம், அவங்க பின்னாடி. அங்கே இரவு 8 மணி ஆகும்போது உங்க உடம்புக்கு 11. காலையில் 4 மணிக்கே கண் முழிச்சுக்கும். அதோட, மொராக்கோ ரமலான் மாதம் தவிர வருஷம் முழுக்க ஒரு மணி நேரம் முன்தள்ளின கடிகாரத்தில் இருக்கு. அதனால ஜனவரி நடுவில் ஃபெஸ்ஸில் சூரியன் உதிக்கவே 8.25 ஆகும், மறைய 6.30. ஆறு மணிக்குக் கிளம்பிப் படம் எடுக்கலாம் என்று நினைச்சா நல்ல இருட்டு. கடைகள் 9.30, 10க்குத்தான் ஒவ்வொன்னா திறக்கும்.

குளிரைக் குறைச்சு நினைக்காதீங்க. ஃபெஸ் கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரத்தில் இருக்கு, ஜனவரி இரவு 4, 5 டிகிரிக்கு இறங்கும்.  ரியாத் என்பது செட்டிநாட்டு வீடு மாதிரி நடுமுற்றம் வச்ச வீடு. வெயில் காலத்துக்குக் கட்டினது, முற்றத்துக் குளிர் நேரா அறைக்கு வரும். அறையில் சூடேற்றி இருக்கா என்று முன்னாடியே எழுதிக் கேளுங்க. கம்பளிக் காலுறை கட்டாயம். மழை வந்தா தேய்ஞ்ச கல் பாசி பிடிச்ச படித்துறை மாதிரி வழுக்கும். அடியில் நல்ல பிடிப்பு உள்ள மூடின காலணி போடுங்க, செருப்பு வேண்டாம்.

சாப்பாடு. சைவக்காரர் ஏமாறுற இடம் காய்கறித் தஜின், அதாவது மண்சட்டியில் வேக வைக்கிற குழம்பு. மேலே காய் மட்டும்தான் தெரியும், அடியில் கறிச்சாறு ஊற்றி வேக வச்சிருப்பாங்க, சில கடையில் கறித்துண்டை எடுத்துட்டு அதே சட்டியைக் கொடுப்பாங்க. ஹரீரா சூப்பும் பெரும்பாலும் கறி போட்டதுதான். காலைப் பலகாரத்தில் முட்டையோட ‘க்லீஅ’ என்று கொடுத்தா தொடாதீங்க, அது கொழுப்பில் போட்டு வச்ச மாட்டு உப்புக்கண்டம், ஃபெஸ்ஸுக்கே பேர்போனது. ம்ஸம்மன் என்கிற மடிப்பு ரொட்டி நம்ம வீச்சுப் பரோட்டாவுக்குத் தங்கச்சி. வெறும் ம்ஸம்மன் சரி, உள்ளே வெங்காயத்தோட கொழுப்பு வச்சதும் விற்பாங்க, அதனால கேட்டுட்டு வாங்குங்க. ‘ப்லா ல்ஹம்’ என்றால் கறி இல்லாமல். ‘பெக்ரி’ மாடு, ‘ஜாஜ்’ கோழி. பிரெஞ்சில் ‘கறி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னா போதாது, கறிச்சாறும் வேண்டாம் என்று தனியா சொல்லணும்.

நம்பிச் சாப்பிடக்கூடியது பிஸாரா. காய்ந்த ஃபாவா மொச்சையோ பட்டாணியோ வேக வச்சுக் கடைஞ்சு, கிண்ணத்தில் ஊற்றி, நடுவில் ஆலிவ் எண்ணெய் குளமா விட்டு, சீரகப்பொடி தூவித் தருவாங்க. பருப்புக் கடைசல் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு உடனே ஒட்டிக்கும். கிண்ணம் 10 டிர்ஹாம் போல, ரொட்டியோட வயிறு நிறையும். இது குளிர்காலத்துக் காலைப் பலகாரம். மதியம் ஒரு மணிக்குப் போனா அண்டா கழுவி வச்சிருப்பாங்க. அடுத்தது ஸாலூக், சுட்ட கத்தரிக்காயும் தக்காளியும் மசிச்சது. உங்க ஊர் ருகாய் பிரென்ஜெலில் மிளகாயை எடுத்தா கிட்டத்தட்ட அதுதான். லூபியா வெள்ளை பீன்ஸ் விதைக் குழம்பு, அதுக்கும் கறிச்சாறு கேள்வியைக் கேட்கணும். காரம் எதிலும் இருக்காது, ஹரிஸ்ஸா என்கிற மிளகாய் விழுதைக் கேட்டா தனியா வைப்பாங்க. தண்ணீர் பாட்டிலில் குடிங்க. புதினாத் தேநீர் சர்க்கரை இல்லாமல் வேணும்னா காய்ச்சும் முன்னாடியே சொல்லணும், ஏன்னா சர்க்கரை குடுவைக்குள்ளேயே போட்டுடறாங்க.

பெண்களுக்கு ஒன்னு. தெருவைப் பார்த்து நாற்காலி போட்ட காபிக்கடையில் எல்லாரும் ஆண்களா இருந்தா அது ஆம்பளைங்க கடை. யாரும் ஒன்னும் சொல்லமாட்டாங்க, ஆனா நிம்மதியா உட்கார முடியாது. மாடித் தளம் உள்ள கடையாப் பார்த்து மேலே போயிடுங்க. தோளும் முட்டியும் மூடின உடை, கழுத்தில் ஒரு துப்பட்டா போதும். இரவு 8, 9 மணிக்கு மேல் கடை அடைச்சதும் சந்து சட்டென்று வெறிச்சோடிடும், அதுக்குள்ள அறைக்குப் போயிடுங்க. ஊர் முழுக்கத் தெரியுது என்று மரீனித் கல்லறைக் குன்றுக்கு மாலையில் தனியாப் போகச் சொல்வாங்க. தனியா வேண்டாம். அதே காட்சியைப் பகலில் டாக்ஸி வச்சு போர்ஜ் நோர் கோட்டையிலிருந்து பார்க்கலாம்.

தெற்குக்காற்று (சாட்ஸ்வொர்த், டர்பன்)

வழிகாட்டி பற்றி. ஊர்க்குருவி அதைத் தொடாமல் விட்டுவிட்டார். என் கருத்து: வியாழன் காலை அரை நாளுக்கு உரிமம் பெற்ற வழிகாட்டியை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு முழு நாள்தான் இருக்கிறது என்பவருக்கு அது வீண் செலவு ஆகாது. உரிமம் உள்ளவர் அமைச்சகம் கொடுத்த அட்டையைக் கழுத்தில் போட்டிருப்பார். விடுதி மூலமாக ஏற்பாடு செய்து, தொகை, நேரம் இரண்டையும் முதல் நாளே முடிவு செய்யுங்கள். கூடவே ‘கடைகள் வேண்டாம்’ என்று சொல்லுங்கள். கம்பளக் கடையில் விற்பனை நடந்தால் அழைத்து வந்தவருக்குத் தரகு உண்டு. அந்தத் தரகு உங்கள் விலையில்தான் ஏறும். சொல்லாமல் விட்டால் மூன்று மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரம் கம்பளத்தின் மேல் உட்கார்ந்து தேநீர் குடிப்பதில் போய்விடும்.

உரிமம் இல்லாமல் தெருவில் ஒட்டிக்கொள்கிறவர்கள் வேறு ரகம். அவர்கள் சொல்லும் பொய்கள் நான்கைந்துதான்: ‘அந்த வழி மூடியிருக்கு’, ‘அங்கே மசூதி, உங்களுக்கு அனுமதி இல்லை’, ‘இன்றைக்கு மட்டும் மலைக்காரர் சந்தை’, ‘நான் உங்கள் விடுதியில் சமைக்கிறவன், அடையாளம் தெரியலையா?’ வழி மூடியிருக்கிறது என்றால் போய் மூடியதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்புங்கள், பத்து அடிதான் நஷ்டம். பதில் ஒன்றே: ‘லா, ஷுக்ரான்’ (வேண்டாம், நன்றி). நடையை நிறுத்தாமல் சொல்ல வேண்டும். ரீயூனியன்காரர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பிரெஞ்சு தெரியும் என்பதால் மரியாதைக்கு ஒரு வாக்கியம் சொல்லிவிடுவார்கள், அதுவே பேச்சுக்கு வாசல் திறந்துவிடும். பிரெஞ்சைக் கடைக்காரரிடமும் டாக்ஸிக்காரரிடமும் பேசுங்கள், தானாக வந்து ஒட்டுகிறவரிடம் வேண்டாம். நம் முகத்தைப் பார்த்ததும் ‘ஹிந்த்! ஷாருக் கான்!’ என்று கூப்பிடுவார்கள். அதில் கெட்ட எண்ணம் இல்லை, இந்திப் படம் அங்கே வீட்டுக்கு வீடு ஓடியது. சிரித்துவிட்டு நடங்கள்.

உண்மையிலேயே வழி தெரியாமல் போனால் நிற்கிறவரைக் கேட்காமல், வேலையாக இருக்கிறவரைக் கேளுங்கள். கடைக்குள் நிற்கும் மருந்துக்காரர், காய்கறி நிறுக்கும் ஆள், பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போகும் அம்மா. கடையை விட்டு வரமுடியாதவர் கையை நீட்டி வழி காட்டுவார், அவ்வளவுதான். ஒரு பையன் கூட்டிக்கொண்டு போய்விட்டால் வாசலை அடையும் முன்பே 10 டிர்ஹாம் நாணயத்தைக் கையில் எடுத்து வைத்திருங்கள். வாசலில் நின்று பணப்பையைத் திறந்தால் தொகை ஏறும். தொல்லை எல்லை மீறினால் சத்தமாக ‘போலீஸ் துரிஸ்தீக்’ (சுற்றுலாப் போலீஸ்) என்று சொல்வதே பெரும்பாலும் போதும். அவசர எண் போலீஸுக்கு 19, ஆம்புலன்ஸுக்கு 15.

ஊர்க்குருவி (சேன்-பியேர், ரீயூனியன்)

வழிகாட்டி விஷயத்தில் தெற்குக்காற்றோட எனக்கு உடன்பாடு இல்லை. தலா கபீரா வழியா ரஸீஃப் வரை ஒரே கோடு, நடுவில் நின்னு பார்க்காமல் நடந்தா அரைமணி நேரம். அதுக்கு ஆள் வேண்டாம். ஒருத்தர் பின்னாலேயே நடந்தா கால் வழியைப் படிக்காது, மதியம் அவர் போனதும் காலையில் இருந்த இடத்திலேயே நிற்பீங்க. மசூதி, மதரஸா வரலாறு ஆழமா வேணும் என்றால் வைங்க, அது வேற. வரிசையைச் சொல்றேன், பிறகு நீங்களே முடிவு பண்ணுங்க.

9.15க்குப் பாப் பூ ஜலூத். வெளிப்பக்கம் நீலம், உள்பக்கம் பச்சை. பழைய கோட்டை வாசல் மாதிரி இருந்தாலும் இப்போ நிற்கிற வாசல் 1913இல் பிரெஞ்சுக்காரர் காலத்தில் கட்டினது. நுழைஞ்சதும் இடப்பக்கம் திரும்பித் தலா கபீரா. சில நிமிஷத்தில் பூ இனானியா மதரஸா, 1350களில் மரீனித் சுல்தான் அபூ இனான் கட்டினது. கட்டணம் 20 டிர்ஹாம் அளவு. முற்றத்துக்குள்ள போனதும் சுவரைக் கீழிருந்து மேலே பாருங்க. இடுப்பு உயரம் வரைக்கும் உளியால் தட்டித் தட்டி வெட்டின ஓட்டுச் சில்லுகள், விரல்நகம் அளவு. அதுக்கு மேலே எழுத்து, அதுக்கு மேலே சுண்ணாம்புச் சாந்துச் செதுக்கல், உச்சியில் தேவதாரு மரம். கைபடும் இடத்துக்கு வழுவழுப்பான ஓடு, மழையைத் தடுக்க மேலே மரம். கண் இந்த வரிசையைப் பிடிச்சிட்டா அப்புறம் அந்த ஊரில் பார்க்கிற ஒவ்வொரு பழைய கட்டடமும் புரியும். தொழுகை நடக்கிற இடம் இது, தொழுகை நேரத்தில் வெளியே இருக்கச் சொல்வாங்க, அதனால காலையிலேயே முடிச்சுடணும்.

அங்கிருந்து கீழே இறங்குங்க. கறிக்கடை வரும், ஒட்டகத் தலையைக் கொக்கியில் தொங்க விட்டிருப்பாங்க, மனசு ஒப்பலைன்னா வலப்பக்கம் பார்த்து நடந்துடுங்க. பின்னால் ‘பாலக்!’ என்று குரல் கேட்டா திரும்பிப் பார்க்கிற வேலையே வேண்டாம், உடனே சுவரோட ஒட்டிக்கோங்க. கோவேறு கழுதை கேஸ் சிலிண்டரோ பச்சைத் தோலோ இரண்டு பக்கமும் தூக்கிட்டு வரும். கழுதை ஒதுங்கும், சுமை ஒதுங்காது. பையை முன்பக்கமா இழுத்துப் பிடிச்சுக்கோங்க.

தெருப் பெயர் எல்லாம் தொழில் பெயர். அத்தாரீன் என்றால் நம்ம அத்தர்தான், வாசனைச் சரக்கு விற்கிறவங்க தெரு. நஜ்ஜாரீன் தச்சர் தெரு, ஸஃபாரீன் கன்னார் தெரு. இந்த மூணு பெயரையும் மனப்பாடம் பண்ணினா போதும், யாரிடம் கேட்டாலும் கை காட்டுவாங்க. நஜ்ஜாரீன் சதுக்கத்தில் பழைய வணிகர் சத்திரம் ஒன்று மரவேலை அருங்காட்சியகமா இருக்கு, மாடியில் உட்கார்ந்து காலை ஆற்றிக்கலாம். பக்கத்தில் மவ்லாய் இத்ரீஸ் தர்கா. சந்துக்குக் குறுக்கே நெஞ்சு உயரத்தில் ஒரு மரக்கட்டை போட்டிருக்கும், புனித எல்லையோட அடையாளம் அது. குனிஞ்சு உள்ளே வரலாம், வாசல் வரை போகலாம், முஸ்லிம் அல்லாதவங்க படியைத் தாண்டக் கூடாது. கரவிய்யீன் பள்ளிவாசலும் அப்படியே. ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி என்கிற பெண் 859இல் தொடங்கி வச்சது, இன்றைக்கும் கல்வி நடக்குது. கதவு திறந்திருந்தா வெளியில் நின்னு முற்றத்தைப் பாருங்க, வாசலை அடைச்சுக்கிட்டுப் படம் எடுக்காதீங்க. உள்ளே போகமுடியாத குறை அத்தாரீன் மதரஸாவில் தீரும். பள்ளிவாசலுக்குப் பக்கத்திலேயே, 1325இல் முடிஞ்சது, பூ இனானியாவை விடச் சின்னது, செதுக்கல் இன்னும் நெருக்கம்.

பிறகு ஸஃபாரீன் சதுக்கம். கல்யாண அண்டாவைக் கவிழ்த்துப்போட்டு வெளியிலேயே தட்டிக்கிட்டு இருப்பாங்க. இரண்டு பேர் மாத்தி மாத்தி அடிக்கும்போது தாளம் தப்பாது. சதுக்கத்து மாடியில் ஒரு தேநீரோட அரைமணி நேரம் கேட்டுட்டுப் போங்க. தோல் தொட்டிக்கு இங்கிருந்து ஐந்து நிமிஷம். முடிஞ்சதும் ரஸீஃபுக்கு இறங்கி, சிவப்பு நிறச் சின்ன டாக்ஸி. ‘மீட்டர்’ என்று சொல்லி ஏறினா பத்தா வரை 15 டிர்ஹாமுக்குள்ள முடியணும், இரவு 8க்கு மேல் மீட்டரில் பாதி கூடும். ஏற்றத்தைக் காலில் ஏறவேண்டிய அவசியம் இல்லை.

மல்லிகை_974

நிறைய நன்றி. புதன் மாலைக்கும் வியாழன் காலைக்கும் திட்டம் தெளிவாகிவிட்டது. வழிகாட்டி இல்லாமல் காலையில் இறங்கிப் பார்க்கிறேன், முடியவில்லை என்றால் விடுதியில் கேட்டுக்கொள்கிறேன். தொட்டிகளைப் பற்றி மட்டும் யாரும் விரிவாகச் சொல்லவில்லை. அம்மாவுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கவேண்டும், மாட்டுத் தோல் இல்லாமல். இன்னொன்று, 4 மணிக்கு விழித்தால் 9 வரை என்ன செய்வது?

ஆவாரம்பூ (சேன்-தெனி, ரீயூனியன்)

ஷுவாரா தொட்டிகளைக் கீழிருந்து பார்க்க முடியாது. சுற்றியிருக்கும் தோல் கடைகளின் மாடியிலிருந்துதான் பார்க்க வேண்டும். மாடிக்குப் போகக் கட்டணம் கிடையாது, கடை வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும் என்பதே அவர்கள் ஆதாயம். நுழையும்போதே ‘பார்க்க மட்டும்’ என்று சொல்லி, இறங்கும்போது விளக்கம் சொன்னவருக்கு 10 டிர்ஹாம் கொடுத்தால் கணக்கு நேர். தெருவில் நின்று ‘தொட்டி இந்தப் பக்கம்’ என்று கூப்பிடுகிறவரோடு போனால் அவர் தரகும் சேரும். நீங்களாகவே ஒரு கடைக்குள் ஏறுங்கள். புதினாக் கொத்து கையில் தருவார்கள். மூக்கின் கீழ் வைத்துச் சும்மா முகர்ந்தால் போதாது, இலையைக் கசக்க வேண்டும்.

மேலிருந்து பார்க்கும்போது வெள்ளைத் தொட்டி ஒரு பக்கம், நிறத் தொட்டி ஒரு பக்கம் இருக்கும். வெள்ளையில் சுண்ணாம்பு, அது மயிரைத் தளர்த்தும். அடுத்தது புறா எச்சம் கரைத்த நீர், அதிலுள்ள காரம் தோலை மெத்தென்று ஆக்கும். குடலைப் பிடுங்கும் வாடை இந்தக் கட்டத்துடையது. ஆள் இடுப்பளவு உள்ளே இறங்கிக் காலால் மிதிப்பார். பிறகு பட்டைச் சாற்றில் ஊறும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் முன்பு ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்துவார்களே, அதே வகைத் தாவரப் பதம், அங்கே மிமோசாப் பட்டை. கடைசியில்தான் சாயம். சிவப்புக்குப் பாப்பிப் பூ, நீலத்துக்கு அவுரி என்று கடைக்காரர் அடுக்குவார். அது பழைய முறை. இன்று ரசாயனச் சாயமும் சேர்ந்தே புழங்குகிறது. அதனால் கைக்குட்டையின் ஓரத்தை நனைத்து, உள்பக்கத்தில் அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறம் ஏறினால் அம்மாவின் பாதத்திலும் ஏறும்.

செருப்புக்கு அங்கே பெல்கா என்று பெயர். ஆட்டுத் தோல் வேண்டும் என்று பிரெஞ்சில் கேட்டு, பெக்ரி இல்லையே என்றும் கேளுங்கள். மேல்தோல் ஆடாக இருந்தாலும் அடித்தோல் பெரும்பாலும் மாடுதான், ஆகவே அடிப்பாகத்துக்கும் தனியாகக் கேள்வி கேட்க வேண்டும். ரப்பர் அடிப்பாகம் போட்டது கிடைக்கும், உங்கள் தேவைக்கு அதுவே சரி. வாங்கும் முன் செருப்பை இரண்டாக மடக்குங்கள். உள்ளே அட்டை வைத்திருந்தால் நொறுங்கும் சத்தம் வரும், முதல் மழையில் ஊறிப் பிரிந்துவிடும். நெருப்புக் குச்சி கொளுத்தித் தோலில் காட்டுவார்கள். அது வித்தை, தரத்துக்குச் சாட்சி இல்லை. சொன்ன விலையில் பாதிக்குக் கீழே ஆரம்பியுங்கள், பிடிக்காவிட்டால் நன்றி சொல்லி இறங்குங்கள். வாடை மிச்சம் இருக்கும் தோலை நம் ஊர் ஈரத்தில் பிளாஸ்டிக் பைக்குள் வைத்தால் ஒரு வாரத்தில் பூஞ்சை பூக்கும். வந்ததும் பையிலிருந்து எடுத்து நிழலில் காற்றாடப் போடுங்கள். புதினாக் கொத்தை மட்டும் அங்கேயே விட்டுவிடுங்கள், பச்சைச் செடியும் பழமும் ரீயூனியனுக்குள் விடமாட்டார்கள்.

ஏலக்காய் (ரோஸ் ஹில், மொரீஷியஸ்)

4 மணிக் கேள்விக்கு. போர்வையைச் சுற்றிக்கிட்டு மாடிக்குப் போங்க. ஏழு மணி வாக்கில் பாங்கு ஆரம்பிக்கும். ஒரு மினாராவில் தொடங்கி அடுத்தது, அடுத்தது என்று கிண்ணம் முழுக்கச் சுத்தி வரும். எட்டரைக்கு வெளிச்சம் வந்ததும் சந்துக்கு இறங்கிப் பாருங்க, கடை திறந்திருக்காது, ஆனா ஃபெர்ரான் திறந்திருக்கும். அது தெருவுக்குப் பொதுவான ரொட்டி அடுப்பு. வீட்டில் பிசைஞ்சு தட்டின மாவைப் பலகையில் வச்சு, மேலே துணி போர்த்தி, பிள்ளைங்க கையில் கொடுத்து அனுப்புவாங்க. யாரோட ரொட்டி எது என்று அடுப்புக்காரருக்குத் தெரியும். படம் எடுக்கணும்னா முதலில் அவரைக் கேளுங்க.

வெள்ளிக்கிழமையைப் பற்றி ஒன்னு விட்டுப்போச்சு. அன்றைக்கு மதியத்தோட பாதிக் கடை அடைச்சுடும், தொழுகை நேரத்தில் டாக்ஸியும் குறையும். வாங்குறது எல்லாத்தையும் வியாழனே முடிச்சுடுங்க. ரயில் நிலையம் புது நகரத்தில் இருக்கு. பத்தாவிலிருந்து டாக்ஸியில் கால்மணி நேரம்தான், ஆனா பெட்டியை உருட்டிக்கிட்டுச் சந்தை விட்டு வெளியே வரவே கால்மணி ஆகும். ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி கிளம்பினா சரியா இருக்கும்.